காகிதக் கொக்கு கற்றுத் தந்த பாடம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)

 

போன வருஷம் ஒரு பயிற்சிக்காக எங்கள் நிறுவனத்திலிருந்து நாங்கள் இரண்டு பேர் ஜப்பான் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். "அங்க என்னதான் பார்த்தீங்க?" என்று பல பேர் கேட்டீர்கள். ரயிலையும் கட்டடத்தையும் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இன்று ஒரு சின்னக் காட்சிக்கூடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறோம். அது காகிதம் மடிக்கிற கலைக்கென்றே இருக்கிற இடம்.

காகிதம் மடிப்பது நமக்குப் புதுசா என்ன? மழை பெய்தால் கத்திக்கப்பல் செய்து விடாத பிள்ளை உண்டா? மளிகைக் கடையில் பசை இல்லாமல் பொட்டலம் மடித்துத் தருவார்கள், ஒரு கடுகு வெளியே சிந்தாது. இந்த வேலையைத்தான் ஜப்பானில் 'ஒரிகாமி' என்கிறார்கள். 'ஒரி' என்றால் மடிப்பது, 'காமி' என்றால் காகிதம். பெரும்பாலும் சதுரமான ஒரே ஒரு தாள்தான். கத்தரியும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

நாங்கள் போன இடத்தின் பெயர் 'ஒரிகாமி கைக்கான்'. டோக்கியோவில் ஒச்சனோமிசு ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். அது அரசாங்கத்தின் இடம் இல்லை. கோபயாஷி என்ற குடும்பத்தார் காகிதத் தொழிலாக ஆரம்பித்து, வழிவழியாக நடத்தி வந்த இடம். காட்சியைப் பார்க்கக் காசு வாங்கவில்லை. பூவும் பறவையும் பொம்மையுமாக அத்தனையும் காகிதத்தில் செய்து வைத்திருந்தார்கள். இன்னொரு மாடியில் விதவிதமான காகிதங்களை விற்கிறார்கள். அதற்கும் மேலே போனால் சாயம் போடுகிற கூடம். தொழிலாளி தூரிகையால் காகிதத்துக்கு நிறம் ஏற்றுவதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். நம்ம ஊரில் வேலை செய்கிற இடத்தைப் பின்பக்கம் ஒளித்து வைப்போம். அங்கே வேலையே காட்சி!

அங்கே மடிக்கவும் சொல்லித் தருகிறார்கள். எங்களுக்குச் சொல்லித் தந்தவர் வயதான ஓர் அம்மா. அவர் பேசுவது எங்களுக்குப் புரியாது, நாங்கள் பேசுவது அவருக்குப் புரியாது. ஆளுக்கொரு தாளைக் கொடுத்துக் கொக்கு மடிக்கச் சொன்னார். மூலைக்கு மூலை மடிப்பது வரைக்கும் சரியாக வந்தது. நடுவில் ஓர் இடத்தில் தாளை மேலே தூக்கி, இரண்டு பக்கமும் உள்ளே அமுக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். தாளை அவரிடம் நீட்டினோம், "நீங்களே மடிச்சுக் குடுத்துடுங்கம்மா" என்கிற மாதிரி.

அவர் வாங்கவே இல்லை. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். தன்னிடம் இருந்த தாளைப் பிரித்து, அதே இடத்தை மெதுவாக மடித்துக் காட்டினார். மறுபடி தப்பு செய்தோம். மறுபடி பிரித்துக் காட்டினார். நான்காவது தடவை கொக்குக்கு இறக்கை வந்தது. கசங்கிய கொக்குதான். ஆனால் நாங்களே மடித்தது. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மடிப்போம்.

இந்தக் கலையில் பெரிய பெயர் அகிரா யோஷிசாவா. 1911-ல் பிறந்து 2005-ல் காலமானவர். இளம் வயதில் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வடிவக் கணக்கைக் காகிதம் மடித்தே சொல்லிக் கொடுத்தார். எங்கே மடிக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைக் கோடும் அம்புக்குறியும் போட்டே காட்டுகிற முறையை உருவாக்கி, 1954-ல் புத்தகமாக வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க அந்த வழியில்தான் படம் போடுகிறார்கள். எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து மடிக்கலாம். படிப்பு இல்லை என்பதால் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

அக்காமார்களே, அந்த அம்மா தாளை வாங்க மறுத்தபோது எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏன் தெரியுமா? குழுக் கூட்டத்தில் நாங்கள் செய்வது நேர்மாறானது. ரொக்கப் புத்தகம் எழுதும்போது ஊக்குநர் கொஞ்சம் தடுமாறினால், "இங்க குடுங்க, நேரமாச்சு" என்று பேனாவை வாங்கி நாங்களே எழுதிவிடுவோம். உதவி என்று நினைத்துத்தான் செய்தோம். அது உதவி இல்லை என்று இப்போது சொல்கிறோம்.

ஒரு குழுவில் நடந்தது. அந்த அக்கா இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம். உள்கடன் தவணையாக 500 ரூபாய் கட்டினார். அவசரத்தில் நாங்கள் எழுதியபோது அவருடைய பாஸ்புக்கில் அது விட்டுப்போனது. பாஸ்புக் கையில் இருந்தும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. எழுதிய எங்களைக் கேட்கவும் தயங்கினார். "கட்டாமலே கட்டினேன்னு சொல்றா" என்று இரண்டு மாதம் பேச்சு வாங்கினார். கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். தப்பைக் கண்டுபிடித்ததும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், குழுவிலும் சொன்னோம். ஆனால் அந்த இரண்டு மாதத்தை யார் திருப்பித் தருவது?

அதனால் இன்று மூன்று விஷயம் கேட்கிறோம். ஒன்று, அடுத்த மாதத்திலிருந்து உங்கள் புத்தகத்தை நாங்கள் எழுத மாட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தருவோம். பழக்கதோஷத்தில் கை நீட்டினால் பேனாவைக் கொடுக்காதீர்கள். இரண்டு, எழுதத் தெரிந்தவர்கள் மாதம் ஒருவராக முறை வைத்து எழுதுங்கள். கூட்டம் முடியும் முன் வரவு செலவைச் சத்தமாக வாசியுங்கள். மூன்று, வாசிக்கத் தெரியாதவர்கள் முதலில் எண்களைப் பழகுங்கள். பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவர்களுக்குப் பாஸ்புக் தூரமில்லை. தப்பு வந்தால் வரட்டும். பிரித்து மறுபடி மடிக்கலாம்.

இப்போது எல்லோர் கையிலும் ஒரு சதுரத் தாள் கொடுத்திருக்கிறோம். கொக்கு மடிக்கப் போகிறோம். பக்கத்தில் இருக்கிறவருக்கு வரவில்லை என்றால் மடித்துக் காட்டுங்கள். அவர் தாளை மட்டும் வாங்கிவிடாதீர்கள்!