சீவகாருணியமும் தொண்டும்



அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் என்னும் ஊரில், ‘ஃபார்ம் சாங்சுவரி’ எனும் விலங்குப் புகலிடத்திலே விடுமுறைக் காலத்தில் தொண்டராய்ப் பயிலும் பேறு பெற்றோம். அந்நிறுவனம் 1986ஆம் ஆண்டு தோன்றியது. அவ்வாண்டிலே, பென்சில்வேனியாவில் கால்நடைச் சந்தையொன்றின் பின்புறம், செத்த விலங்குகளின் குவியலில் உயிரோடு கிடந்த ஹில்டா என்னும் ஆட்டை அந்நிறுவனத்தார் மீட்டனர். மிஷன் பள்ளியிலே படித்த காணாமற்போன ஆட்டின் உவமை எமக்கு நினைவு வந்தது. ஆனால் ஹில்டாவைத் தேடிவர மேய்ப்பன் இருக்கவில்லை.

சாணம் அள்ளுதல், வைக்கோல் பரப்புதல், தண்ணீர்த்தொட்டி கழுவுதல் ஆகியன எமது வேலைகள். அவை கடினமல்ல. உணவு விதியே கடினமாயிற்று. அங்கே தொண்டர் இறைச்சியை மட்டுமன்றிப் பாலையும் நெய்யையும் விலக்குதல் வேண்டும். பால் சுத்த சைவமன்றோ என வாதாடினோம். “பால் தராத ஆண் கன்று எங்கே போகிறது?” என்று பொறுப்பாளர் ஒருவர் வினவினார். பெரும் பாற்பண்ணைகளில் பிறக்கும் அத்தகைய கன்றுகள் பெரும்பாலும் இறைச்சிக்கே போகின்றன. அதனை அறிந்திருந்தும் நாம் ஒருநாளும் சிந்தித்ததில்லை.

பாலை விடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. கொல்லாமையை மேடையிலே பேசும் நாம், எமது கோப்பையில் உள்ளது எவ்வழியாக வந்தது என்று ஒருமுறையேனும் கேட்டல் வேண்டும் என்பதே எமது விண்ணப்பம்.