பிக்கட்டித் தேயிலைக்கு ஒரு பெயர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இணைய யுகத்தில் மார்க்கெட்டிங்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் கதையைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நான் எங்க ஊர் பிக்கட்டித் தேயிலையை வைத்தே பேசிவிடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேணும். அந்த இலைக்கு விலை எங்கிருந்து வருது? ஏலத்தில் தூள் விற்ற சராசரியை ஒட்டி மாதாமாதம் வருது. ஒருத்தர் ரெண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறிக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் முற்றிய இலையையும் சேர்த்துப் போடுகிறார். தொழிற்சாலையில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டால் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. நம் தூளை வாங்கிய பெரிய சந்தை கலைந்தது. 1990-களின் கடைசியில் அந்தச் சராசரி எப்படிச் சரிந்தது என்பதை இங்குள்ள பல குடும்பங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சராசரியிலிருந்து வெளியே வருவதற்கான வழிதான் பெயர். 'பிராண்டு' என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அவ்வளவே.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு 'மார்க்' உண்டு. வியாபாரி சாம்பிளை ருசி பார்ப்பார், மார்க்கையும் பார்ப்பார், அப்புறம்தான் விலை கேட்பார். தரம் தவறினால் அந்த மார்க்கை ஞாபகம் வைத்துக்கொள்வார். 2003-ல் டீசர்வ் மின்னணு ஏல மையம் வந்தது, ஏலம் கம்ப்யூட்டர் திரைக்குப் போனது. அப்போதும் மார்க்குக்கு மதிப்பு இருந்தது. ஆனால் அந்தப் பெயர் வியாபாரியோடு நின்றுவிடுகிறது. தூள் வேறு தூள்களோடு கலந்து, இன்னொருவர் பெயரில் பாக்கெட்டாகிறது. மதுரையில் டீ குடிப்பவருக்குப் பிக்கட்டி என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது.

முயற்சி நடக்காமல் இல்லை. 1965-ல் அமைந்த இன்கோசர்வ், கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் தூளை 'ஊட்டி டீ' என்று ரேஷன் கடை வரை கொண்டுபோனது. 2004-ல் டார்ஜிலிங் தேயிலைக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, 2008-ல் நீலகிரி ஆர்த்தோடாக்ஸ் தேயிலைக்கும் கிடைத்தது. ஆனால் நம் சிறு விவசாயிகளின் இலை பெரும்பாலும் சிடிசி தூளாகத்தான் போகிறது. அந்த முத்திரை அதற்குப் பொருந்தாது.

இணையம் இங்கேதான் உதவும். முன்பு ஏல வியாபாரி மட்டும் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். இன்று குடிக்கிறவரே சொல்கிறார், அதை ஊரே படிக்கிறது. எனவே ஒரு சின்ன பாக்கெட்டில் ஊர்ப் பெயர், பறித்த மாதம், பக்குவம் செய்த தொழிற்சாலை மூன்றையும் உண்மையாகப் போடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் கொழுந்து மெதுவாக வளரும், மணமும் கூடும். அந்தத் தூளைத் தனியாக விற்றுப் பாருங்கள். முதல் பாக்கெட்டை உங்கள் விளம்பரம் விற்கும். இரண்டாவது பாக்கெட்டை இலைதான் விற்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, காமர்ஸ் படிப்பவர் கணக்கைப் பாருங்கள், கம்ப்யூட்டர் படிப்பவர் கடையைத் திறங்கள். ஆனால் ஒன்று. நல்ல கொழுந்து கொண்டுவரும் அக்காவுக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபாயாவது கூடக் கிடைக்கணும். கிடைக்காவிட்டால் அவர் ஏன் பார்த்துப் பறிக்க வேண்டும்? அவர் கை தளர்ந்தால், நீங்கள் அச்சடித்த பெயருக்கு ஒரு சீசன்கூட ஆயுள் இருக்காது.