வறட்சி தேர்ந்தெடுத்த அலகு

பசிபிக் கடலில், கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு சிறு தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து பறக்கவிட்டார்கள்.

1977-இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்தன. மிஞ்சியவற்றில் முக்கியமானவை நெருஞ்சி இனத்தின் கெட்டியான முள்விதைகள். அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். பெரும்பாலான குருவிகள் மடிந்தன. தப்பியவற்றில் பெரிய அலகு கொண்டவையே அதிகம்.

எந்தக் குருவியும் முயன்று அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. கூட்டத்துக்குள் அந்த வேறுபாடு முன்பே இருந்தது. பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கும் வந்தது. அடுத்த ஆண்டு பிறந்த தலைமுறையின் சராசரி அலகு தடித்திருந்தது. வேறுபாடு, மரபு, பிழைப்பதில் ஏற்றத்தாழ்வு: இயற்கைத் தேர்வு நடக்க இந்த மூன்றும் போதும்.

1983-இல் எல் நினோ மழை கொட்டியது. சிறு விதைகள் பெருகின. பின்வந்த ஆண்டுகளில் சிறிய அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன.