பெண்ணை விழையும் பெண்ணுக்கு ஒரு சொல்
(இராசபாளையத்தில் ஆற்றிய உரை)



திருவில்லிபுத்தூரில் என்னிடம் தமிழ் பயின்ற பெண்ணொருத்தி அண்மையில் என் இல்லம் வந்தாள். தான் பெண்ணையே விழையும் இயல்பினள் என்று சொல்லிவிட்டு, "ஐயா, என்னை 'இலெசுபியன்' என்றால் நோவதில்லை; தமிழில் சொன்னால் வசையாகிறது. ஏன்?" என்று கேட்டாள். என் 30 ஆண்டு ஆசிரியப் பணியில் இவ்வளவு நாணச்செய்த வினா வேறில்லை.

அவள் சொன்ன அயற்சொல் ஓர் ஊர்ப்பெயரின் வழிவந்தது. இலெசுபோசு என்பது கிரேக்கத் தீவு. ஏறத்தாழ 2600 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த சாப்போ என்னும் பெண்பாற் புலவர், பெண்கள்மேற் கொண்ட காதலைப் பாடினார். அதனால் தீவினரைக் குறித்த சொல் இவ்வியல்பினரைக் குறிப்பதாயிற்று. அது எமக்கே உரியதென்று தீவினர் சிலர் 2008-இல் ஏதென்சு முறைமன்றத்தில் வழக்காடித் தோற்றனர். நம் மகளை அத்தீவின் பெயரால் அழைப்பானேன்?

இனி, நாளிதழ்கள் எழுதும் 'ஓரினச் சேர்க்கை'. மாந்தர் அனைவரும் ஓரினமே. கணவனும் மனைவியுங்கூட ஓரினந்தான்! 'சேர்க்கை'யோ உள்ளத்தை விட்டு உடலை மட்டும் காட்டுகிறது. 'கூடாச் சேர்க்கை' என்னும் பழிப்பின் நெடியும் உடன்வருகிறது. பின்வந்த 'தன்பாலீர்ப்பு' மேலானது. ஆயினும் 'தன்பால்' என்பது 'தன்னிடம்' எனவும் பொருள்படுமாதலின், பிறரைத் தம்பக்கம் இழுப்பவர் என மயங்க இடமுண்டு. இலக்கணக்காரனின் விடாப்பிடி என்பீர்கள், ஆகுக.

2021-இல் மதுரைப் பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில் அவர்களுக்குக் காப்பளித்த சென்னை உயர்முறைமன்றம், மதிப்புடைய சொற்பட்டியும் வேண்டுமென்றது. 2022-இல் அஃது அரசிதழில் வெளிவந்தது.

சிலர் 'நங்கை' என்று வழங்குகின்றனர். இனிய சொல். 'நம்' என்பதன் அடியாகப் பிறந்து 'நம்பி'க்கு இணையாய் நிற்பது. நம்மவள் என்னும் உரிமை அதிலுண்டு. எங்கள் ஊர் ஆண்டாளும் திருப்பாவையின் 14-ஆம் பாட்டில், துயிலும் தோழியை 'நங்காய்' என்றே விளித்து எழுப்புகிறாள். ஆனால் பெண்டிர் எல்லார்க்கும் உரியதை ஒருசாரார்க்கே வரைந்துவிடல் தகாது; 'திருநங்கை'யோடும் மயங்கும். எனவே 'பெண்விழை நங்கை' என்பேன். 'விழை' ஈண்டு வினைத்தொகை. நேற்று விழைந்தவளையும் இன்று விழைபவளையும் நாளை விழைவாளையும் ஒருங்கே தழுவும்.

இதனை அப்பெண்ணுக்கு எழுதி விடுத்தேன். "சொல் நன்று ஐயா, என் தாய்க்கு விளங்கும்படி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று விடை வந்தது. அந்தப் பக்கத்தைத்தான் மூன்று நாளாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.