மாலத்தீவு பணக்கார நாடா?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற மாதம் நம் தெருவைச் சேர்ந்த ஒரு தாயார் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவருடைய மகனுக்கு மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் கணக்கு எழுதும் வேலை வந்திருக்கிறது. "காக்கா, அது பெரிய பணக்கார நாடுன்னு எல்லாரும் சொல்றாங்க. கையில இருக்கிற நகையை அடகு வச்சு ஏஜெண்டுக்குக் கட்டி அனுப்பிடலாமா?" என்று கேட்டார். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் நான் யோசித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்த அம்மா கேள்விப்பட்டது சரிதான். மாலத்தீவின் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல். நம் நாட்டைப் போலச் சுமார் ஐந்து மடங்கு. 2022 மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். அதில் நான்கில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். ஆனால் 2024இல் மட்டும் அங்கே வந்த சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்துக்கு மேல். ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்து, வருடத்தில் பதினாறு விருந்தாளிகள் காசு கொடுத்துத் தங்கிப் போவது போன்ற கணக்கு.

இப்போது ஒரு விஷயம். யாரைப் பணக்காரர் என்பது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு ரமளானிலும் ஜகாத் கணக்குப் போடும்போது அதைத்தானே கேட்கிறோம்? மாதம் எவ்வளவு கைக்கு வந்தது என்பதை வைத்து நாம் முடிவு செய்வதில்லை. நிஸாப் அளவு சேர்ந்து, அது ஒரு வருடம் கையில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம். கடனைக் கழிப்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. வந்தது வேறு, தங்கியது வேறு. இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு அந்தத் தீவுகளைப் பார்ப்போம்.

மாலத்தீவின் பழைய செல்வம் சோழி. 1343இல் அங்கே போய்ச் சேர்ந்து காஜியாகவும் பணியாற்றிய இப்னு பதூதா, அந்த மக்கள் சோழியை வங்காளத்தாருக்குக் கொடுத்து அரிசி வாங்கியதை எழுதியிருக்கிறார். அவர்கள் கடலில் பொறுக்கிய சோழி வங்காளத்தில் நாணயமாகப் புழங்கியது. பிற்காலத்தில் அரசாங்க நாணயங்கள் பரவியபோது சோழிக்கு மதிப்புப் போயிற்று. அடுத்து அவர்களைத் தாங்கியது மாசி. நம் வீட்டுச் சம்பலில் போடும் அதே மாசிக்கருவாடுதான். அதை வாங்கிய பெரிய வாடிக்கையாளர் இலங்கை. 1970களின் தொடக்கத்தில் இலங்கைக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதியைக் குறைத்ததும் அந்த வியாபாரமும் படுத்துவிட்டது.

அந்த வேளையில்தான், 1972இல், முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. அதன் பெயர் குரும்பா. திவேஹி மொழியில் இளநீர்க்காய் என்று பொருள். நாம் குரும்பை என்று சொல்வதோடு ஒத்துப்போகும் சொல். அன்று தொடங்கிய சுற்றுலாதான் இன்று அந்த நாட்டுக்குள் டாலரைக் கொண்டுவருகிறது. சோழி போய் மாசி வந்தது, மாசி போய் விருந்தாளி வந்தார். பொருள்தான் மாறியது, ஒரே சரக்கை நம்பி வாழும் நிலை மாறவில்லை.

விருந்தாளி வராவிட்டால் என்ன ஆகும்? அதையும் பார்த்துவிட்டோம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தது. ஒரே காலைப் பொழுதில் ஏற்பட்ட சேதம், நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் சுமார் 62 விழுக்காடு என்று உலக வங்கி முதலான அமைப்புகள் கணக்கிட்டன. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் எல்லையை மூடினார்கள். ஜூலை 15 வரை சுற்றுலா இல்லை. 2019இல் 17 லட்சமாக இருந்த பயணிகள் 2020இல் 5 லட்சத்து 55 ஆயிரமாகக் குறைந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் நாட்டின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 2020 ஜூன் மாதம் ஐஎன்எஸ் ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் மாலேயிலிருந்து சுமார் 700 இந்தியர்களைக் கொண்டுவந்து நம் தூத்துக்குடியில் இறக்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பணக்கார நாட்டுக்குப் போனவர்கள்தான் அவர்களும்.

சரி, நல்ல வருடங்களில் வரும் டாலராவது தங்குகிறதா? அரிசி, வெங்காயம், டீசல், சிமெண்ட் எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். காய்கறியும் கட்டுமானப் பொருளும் தூத்துக்குடித் தோணிகளில்கூடப் போகின்றன. குடிநீரைக் கடல்நீரிலிருந்து எடுக்கிறார்கள். 2014 டிசம்பரில் மாலேயின் நீர் ஆலையில் தீப்பிடித்தபோது ஒரு லட்சம் பேருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. அரசின் கடன் ஓராண்டு உற்பத்தியையே தாண்டிவிட்டது. 2021இல் 50 கோடி டாலருக்கு சுகூக் பத்திரம் வெளியிட்டார்கள். 2024 அக்டோபரில் அதற்கு 2 கோடியே 50 லட்சம் டாலர் தவணை கட்ட வேண்டியிருந்தது. இவ்வளவு சிறிய தொகையைக் கட்ட முடியுமா என்று சந்தையே சந்தேகப்பட்டது. கட்டிவிட்டார்கள். அதே மாதம் இந்திய ரிசர்வ் வங்கி 40 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுக்க ஒப்புக்கொண்டது. 20 லட்சம் விருந்தாளி வந்த வருடத்தின் கதை இது!

நியாயமாகவும் பேச வேண்டும். இந்த ஐம்பது வருடத்தில் அவர்கள் ஒன்றும் சேர்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிள்ளைகள் படித்தார்கள். 2012 முதல் ஆசந்தா என்ற திட்டத்தில் மக்களின் மருத்துவச் செலவை அரசு ஏற்கிறது. சராசரி ஆயுள் 80 வயதை ஒட்டி இருக்கிறது. 2009க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்த அனுமதி வந்ததால், சாதாரணக் குடும்பத்துக்கும் சுற்றுலாவில் ஒரு பங்கு கிடைத்தது. 2011இல் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்தும் வெளியே வந்தார்கள். படிப்பும் ஆரோக்கியமும் விருந்தாளி வராவிட்டாலும் வீட்டிலேயே இருக்கும். அவற்றை நான் செல்வம் என்றே சொல்வேன்.

ஆகவே என் பதில் இது. மாலத்தீவு நன்றாகச் சம்பாதிக்கும் நாடு. படிப்பிலும் ஆயுளிலும் அதன் சம்பாத்தியம் தங்கியிருக்கிறது. ஆனால் ஒரு வருடம் வருமானம் நின்றால் தாங்கும் இருப்பு அதனிடம் இல்லை. அந்த இருப்பு வரும்வரை பணக்கார நாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மூன்று விஷயங்களை மட்டும் கேட்டு வரச் சொன்னேன். சம்பளம் டாலரிலா, அந்நாட்டு ருஃபியாவிலா? ருஃபியா என்றால், அரசு விலையான 15.42க்கு டாலர் எளிதில் கிடைப்பதில்லை. வெளியில் கூடுதல் கொடுக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பும் தொகை அந்த அளவுக்குக் குறையும். ரிசார்ட் மூடினால் திரும்பிவர டிக்கெட் யார் பொறுப்பு? சம்பளம் ஆறு மாதம் நின்றால் இங்கே வீடு எப்படி நடக்கும்? "மூணாவதுக்கு என்கிட்டயே பதில் இல்லையே காக்கா" என்றார். அப்படியானால் மகனைத் தடுக்க வேண்டாம், நகையை மட்டும் அடகு வைக்க வேண்டாம் என்றேன். வேறு வழியில் பயணச் செலவுக்கு ஏற்பாடு ஆனது. பையன் போய்ச் சேர்ந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த மூன்றாவது கேள்வியை உங்கள் ஒவ்வொருவரிடமும் விட்டுச்செல்கிறேன். நம் ஊரும் வெளிநாட்டுச் சம்பளம் என்ற ஒரே சரக்கை நம்பி நிற்கும் ஊர்தான். யூசுஃப் நபி அலைஹிஸ்ஸலாம் செழிப்பான ஏழு வருடத்தில் சேமிக்கச் சொன்னது பஞ்சத்தின் ஏழு வருடத்துக்காக. வீட்டுக்குப் போய் இன்றிரவே கணவனும் மனைவியும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்: சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும்? அந்த எண்தான் உங்கள் வசதி.

வஸ்ஸலாம்.