வல்லவன் எவன்? கோகுவும் வெஜீற்றாவும்



இரு வீரர் எதிர்நின்றால் அவருள் வல்லவன் எவன் என்னும் வினா மிகப் பழையது. பாரதக் கதையைத் திண்ணையிலிருந்து கேட்டவர்கள், கர்ணனோ அருச்சுனனோ என்று பொழுது புலரும்வரை வாதிட்டனர். இன்றோ அதே வினாவை, யப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றில் வரும் இருவரைக் குறித்து உலகெங்குமுள்ள இளைஞர்கள் எழுப்புகின்றனர். அவ்விருவர் கோகு, வெஜீற்றா என்போர். அவர்தம் கதை 'டிராகன் போல்' என்னும் பெயரினது.

இவ்வழக்கினைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடுவார் உளர். அங்ஙனம் தள்ளற்பாலதன்று என்பது என் துணிபு. வலிமை பிறப்பினால் வருவதோ, முயற்சியினால் வருவதோ? அதனை ஓர் எண்ணினாற் குறித்துவிடல் இயலுமோ? ஒருவனை மற்றொருவனிலும் வல்லவன் என்று தீர்ப்பதற்கு எத்தகைய சான்று வேண்டும்? இவ்வினாக்கள் யாவும் இவ்வழக்கினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. ஆதலின் அதனைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் கதையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் தகும். இதனைப் படைத்தவர் அகிரா தொரியாமா என்னும் சித்திரக்காரர். 1955 ஆம் ஆண்டிற் பிறந்து, 2024 ஆம் ஆண்டு மார்ச்சு முதலாம் நாள் மறைந்தவர். 1984 ஆம் ஆண்டு தொடக்கம் 1995 ஆம் ஆண்டுவரை யப்பானிய வாரச் சஞ்சிகையொன்றில் 519 அத்தியாயங்களாக இக்கதையை அவர் வரைந்தார். அது 42 நூல்களாகத் தொகுக்கப்பெற்றது. இதனைத் தோயி நிறுவனத்தார் இயங்கு சித்திரமாக்கி, 1986 ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சியில் அளித்தனர். கோகு என்னும் பெயர், மேற்றிசைப் பயணம் என்னும் சீனப் பழங்கதையில் வரும் குரங்கு வீரனது பெயரின் யப்பானிய உச்சரிப்பேயாம். தொரியாமாவின் நகைச்சுவையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. இரு வீரரும் பிறந்த சயியர் குலத்தின் பெயர், காய்கறியைக் குறிக்கும் யப்பானியச் சொல்லின் எழுத்துக்களை மாற்றி அமைத்தது. வெஜீற்றா என்பதும் காய்கறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிற் பிறந்ததே. கோகுவின் இயற்பெயரோ கரற் கிழங்கின் பெயரிலிருந்து வந்தது. உலகை நடுங்கவைக்கும் மறவர்க்குக் கறிக்கடைப் பெயர்களைச் சூட்டினார் ஆசிரியர்.

இருவரும் ஒரே குலத்தினர். ஆயின் நிலை வேறு. வெஜீற்றா அக்குலத்தின் இளவரசன். மேற்றர வீரன் என்று பிறப்பிலேயே மதிக்கப்பெற்றவன். கோகு கீழ்த்தர வீரன் என்று கணிக்கப்பட்டு, குழவிப் பருவத்திலேயே வலியற்ற உயிர்கள் வாழும் கோளாகிய பூமிக்கு அனுப்பப்பட்டவன். அங்கே ஒரு முதியவரால் வளர்க்கப்பெற்று, ஆசான் பலரை அடுத்துப் போர்க்கலை பயின்றான். இந்த ஏற்றத்தாழ்வே பிணக்கின் வேர்.

இனி, வலிமையை எண்ணால் அளத்தலைப் பற்றிக் கூறுவேன். கதையின் நடுவே 'ஸ்கவுற்றர்' என்றதொரு கருவி வருகின்றது. அதனைக் காதிற் பொருத்திக் கண்முன் நிற்கும் கண்ணாடியூடே நோக்கினால், எதிரியின் போராற்றல் எண்ணாகத் தோன்றும். துப்பாக்கி ஏந்திய குடியானவன் ஒருவனுக்கு 5 என்று அது காட்டுகின்றது. பிரீசா என்னும் கொடுங்கோலன் தன் ஆற்றல் 530,000 என்று தானே கூறுகின்றான். இவ்வெண்கள் கண்ணிற் பட்டதும் வழக்காடுவோர் மகிழ்ந்தனர். பெரிய எண்ணுடையான் வெல்வான், சிறிய எண்ணுடையான் தோற்பான். வழக்கு முடிந்தது என்று எண்ணினர்.

ஆயின் ஆசிரியர் இக்கருவியைப் படைத்ததே அதனைப் பொய்ப்பித்துக் காட்டுதற்காகும் என்று சொல்லத் தோன்றுகின்றது. கோகுவை முதலில் அளந்தபொழுது 334 என்றது. அவன் பயிற்சிக்காக அணிந்திருந்த பாரமான ஆடைகளைக் களைந்ததும் 416 ஆயிற்று. தன் ஆற்றலை ஒருமுகப்படுத்திக் கைவழியே செலுத்தியபொழுது 924 ஆயிற்று. ஒரே மனிதன், ஒரே போர், மூன்று எண்கள்! அவற்றுள் எது அவன் வலிமை? கருவி காட்டுவது அவ்வேளையில் வெளிப்பட்ட அளவை மாத்திரமே. ஒடுக்கி வைத்த ஆற்றலை அது அறியாது.

இதனிலும் நயமான சான்று கினியூ என்னும் படைத்தலைவனது வரலாறு. எதிரியின் உடலைத் தனதாக மாற்றிக்கொள்ளும் வித்தை அவனுக்கு உண்டு. தன் ஆற்றல் 120,000 ஆகவும், கோகுவினது 180,000 வரை உயர்வதாகவும் கண்ட கினியூ, அவ்வுடலைக் கவர்ந்துகொண்டான். ஆனால் அவன் எத்துணை முயன்றும் அவ்வுடலினின்று எழுந்தது 23,000 மட்டுமே. நரம்பும் தசையும் கோகுவினுடையனவே. அவற்றை ஆளும் பயிற்சி அவனிடம் இல்லை. களவாடிய வீணை களவாடியவன் கையில் இசைக்குமோ?

வெஜீற்றாவும் இவ்வுண்மையை விரைவில் உணர்ந்தான். பூமியிற் கோகுவின் ஆற்றல் 8,000 இனைக் கடந்தது கண்டு, சினத்தால் அக்கருவியைத் தன் கையாலேயே நொறுக்கினான். பின்னர், கருவியின் துணையின்றி எதிரியின் உயிராற்றலை உணரும் முறையைக் கற்றுக்கொண்டான். தோல்வியிலிருந்து பாடம் கற்கும் இவ்வியல்பை அவனது வலிமைக் கணக்கிற் சேர்க்காது விடுதல் நடுநிலையாகாது.

மேற்கூறிய 8,000 என்னும் எண்ணிலும் ஒரு பாடபேதம் உண்டு. யப்பானிய மூலத்தில் உள்ளது 8,000. ஆங்கிலத்தில் ஒலிமாற்றஞ் செய்தோர் அதனை 9,000 ஆக்கினர். அப்பிழைப் பாடமே பின்னர் உலகெங்கும் புகழடைந்து, மூலத்தை மறைத்துவிட்டது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்குவோர் மூலபாடம், இடைச்செருகல், உரையாசிரியர் கூற்று என்று பகுத்தறிவதுபோல, இவ்வழக்கிலும் பகுத்தறிதல் வேண்டும். தொரியாமா வரைந்த கதை மூலம். தொலைக்காட்சித் தொடரில் நிரப்பாகச் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகள் இடைச்செருகல். பின்வந்த கைந்நூல்கள் கூறும் எண்கள் உரை. பிரீசாவின் இறுதி உருவத்துக்குப் பன்னிரண்டு கோடி என்னும் எண் அத்தகைய உரையின் பாற்பட்டது. மூலத்துக்கும் உரைக்கும் ஒரே மதிப்பளித்து வாதிடுவோர் ஒருநாளும் ஒரு முடிவை எய்தார்.

அங்ஙனமாயின் வலிமையை எவ்வாறு எடைபோடுவது? நமது வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில் இதற்கு வழி வகுத்துள்ளார். மேற்கொள்ளும் கருமத்தின் வலிமை, தன்னுடைய வலிமை, பகைவனுடைய வலிமை, இரு திறத்தார்க்கும் துணையாவாருடைய வலிமை என நான்கினையும் சீர்தூக்கிச் செயலிற் புகுமாறு அவர் பணிக்கின்றார். ஸ்கவுற்றர் காட்டும் எண் இந்நான்கனுள் ஒன்றன் ஒரு பகுதியே. இந்நான்கனையும் துலாக்கோலாகக் கொண்டு அவ்விருவரது போர்களைப் பார்ப்போம்.

முதற் போர் பூமியில் நிகழ்ந்தது. தன் உடலாற்றலைச் சிறிதுநேரம் பன்மடங்காக்கும் உத்தியொன்றைக் கோகு கற்றிருந்தான். இருமடங்குக்கு மேற் செல்லற்க என்று ஆசான் எச்சரித்திருந்தும், மும்மடங்கும் பின்னர் நான்மடங்குமாக உயர்த்தி வெஜீற்றாவைப் பின்வாங்கச் செய்தான். அதனால் அவனுடலும் நொந்தது. அவ்வேளை வெஜீற்றா செயற்கை மதியொன்றை வானில் தோற்றுவித்து, தன் குலத்துக்குரிய பேருருவக் குரங்காக மாறினான். அவ்வுருவில் ஆற்றல் பத்து மடங்காகும். கோகு என்புமுறிந்து வீழ்ந்தான். பின்னர் நிகழ்ந்தவற்றைக் கூர்ந்து நோக்குக. யஜிரோபே என்பான் மறைந்திருந்து வெஜீற்றாவின் வாலை வெட்டினான், பேருருவம் ஒழிந்தது. கோகு திரட்டித் தந்த ஆற்றலை நண்பன் கிரிலின் எறிந்தான். மைந்தன் கோஹான் அதனைத் திருப்பி எதிரிமேற் செலுத்தினான். இறுதியில் வெஜீற்றா ஊர்ந்து சென்று தன் விண்கலத்தைச் சேர்ந்தான். வெட்ட முனைந்த கிரிலினைத் தடுத்து, அவனைப் போகவிடும்படி வேண்டியவன் கோகுவே.

இப்போரில் வென்றவன் எவன்? தன்வலியை மாத்திரம் நோக்கின், இறுதிவரை எழுந்து நின்றவன் வெஜீற்றா. துணைவலியையும் சேர்த்து நோக்கின், வெற்றி கோகுவின் பக்கத்தது. நால்வர் கூடி ஒருவனை வென்றது நீதியோ என்று வெஜீற்றாவின் அன்பர் வினவுவர். நண்பரைத் தேடிக்கொள்ளாமையும் ஒரு குறைபாடன்றோ என்று மற்றையோர் விடை பகர்வர். இரண்டும் தக்க வாதங்களே.

இரண்டாம் போர் பல ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது. பாபிடி என்னும் மாயவனது சூனியத்துக்கு வெஜீற்றா வேண்டுமென்றே தன்னை உட்படுத்தி, அதனாற் பெற்ற மிகுவலியுடன் கோகுவை எதிர்த்தான். போர் சமநிலையில் நின்றது; முடிவு காணாமலே குலைந்தது. ஆனால் கோகு தன் மேலான உருமாற்றத்தை அப்போரில் ஒளித்து வைத்திருந்தான் என்பது பின்னரே வெளிப்பட்டது. அதனை அறிந்த வெஜீற்றாவின் நெஞ்சு புண்பட்டது. தோல்வியிலும் கொடியது, எதிரி தன்மீது இரங்கி ஆற்றலை அடக்கிக்கொண்டான் என்று அறிவது. கதையின் முடிவிலோ, கோகு கடும்பகைவனாகிய பூவுடன் பொருவதைப் பார்த்து நின்றவாறே, முதல்வன் கோகுவே என்று வெஜீற்றா தன் மனத்துள் ஒப்புக்கொள்ளுகின்றான். பகைவனே சான்றாக நின்று தன் வழக்கைத் தோற்ற இவ்விடம், வெஜீற்றா மிக உயர்ந்து தோன்றும் இடமுமாகும்.

எனவே முயற்சி பிறப்பை வென்றது என்று முடித்துவிடலாமா? அங்கும் ஒரு தடை உண்டு. கிரிலினும் கோகுவும் ஒரே ஆசானிடம், ஒரே காலத்திற் பயின்றவர்கள். கிரிலின் முயற்சியிற் குறைந்தவனல்லன். பன்முறை உயிரைப் பணயம் வைத்தவன். ஆயினும் மானிடனாகிய அவன் கோகுவின் நிழலையும் எட்டவில்லை. சாவின் விளிம்பு வரை சென்று மீளுந்தோறும் வலிமை பெருகுவது சயியர் குலத்தின் பிறவிப் பேறு. கீழ்த்தரத்தான் எனப்பட்ட கோகுவுக்கும் அப்பேறு இருந்தது. ஆதலால், குலத்தினுள்ளே வகுக்கப்பட்ட மேல் கீழ் என்னும் தரம் பொய்யென்பதையே கதை நிறுவுகின்றது. பிறப்பு ஒன்றுமேயில்லை என்பதை அது நிறுவவில்லை. வாதத்தை அதன் சான்று தாங்குமளவுக்கே கொண்டுசெல்லுதல் அறிவுடைமையாம்.

பூவை வென்ற விதம் இவ்வழக்கின் சிகரம். உலக மாந்தர் யாவரும் தம் ஆற்றலிற் சிறிது ஈந்தாலொழிய வெற்றியில்லை என்னும் உபாயத்தைக் கூறியவன் தனிமையையே பெருமையாகக் கொண்டிருந்த வெஜீற்றா. ஆனால் அவனது அதட்டலுக்கு மக்கள் செவிசாய்க்கவில்லை. சேட்டன் என்னும், வீண்பெருமை பேசும் எளிய மனிதன் குரல்கொடுத்தபொழுதே அவர்கள் கைகளை உயர்த்தினர். ஆற்றல் திரண்டபின், காயமுற்று இடையிற் கிடந்த வெஜீற்றாவைச் சுமந்து அப்புறப்படுத்தியவனும் அந்த எளியவனே. ஸ்கவுற்றரால் அளந்தால் அவனுக்குக் கிடைக்கும் எண் சொல்லத்தக்கதன்று. அவன் இல்லையேல் அவ்வெற்றியும் இல்லை.

ஆகவே என் தீர்ப்பை இவ்வாறு உரைப்பேன். தொரியாமா 1995 இல் முடித்த மூலக்கதையை எல்லையாகக் கொண்டால், தன்வலியில் மிக்கவன் கோகு; எதிரியே அதற்குச் சாட்சி. பின்வந்த படைப்புகளையும் ஏற்போமாயின் வழக்கு மீண்டும் திறக்கின்றது. தொரியாமாவே திரைக்கதை எழுதி 2022 இல் வெளிவந்த திரைப்படத்தின் ஈற்றில், பயிற்சிப் போரொன்றில் வெஜீற்றா கோகுவை வென்று மகிழ்கின்றான். எந்த நூலை எல்லையாகக் கொள்கின்றோம் என்பதை முன்னரே கூறாது வாதிடுவோர், எல்லைக்கல் நாட்டாத காணிக்கு வழக்காடுவோரை ஒப்பர்.

இளைஞர் இத்தகைய வாதங்களில் ஈடுபடுதல் கண்டு பெற்றோர் வருந்த வேண்டுவதில்லை. சான்றைத் தேடவும், மூலத்தை ஒப்புநோக்கவும், மாற்றான் கூற்றைச் செவிமடுக்கவும் அவை பழக்குமாயின் நன்மையே. 'உன் கூற்றுக்கு ஆதாரம் எந்த அத்தியாயத்தில்?' என்று பிள்ளையிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவன் நூலைத் தேடி எடுத்து வருவானாயின், பயின்றது வீண்போகவில்லை என்று மகிழலாம்.