திருநீறு பூசிய ஆலோசகர்

மனநல ஆலோசகர் பயிற்சி முடித்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே!

நெற்றி நிறையத் திருநீறு பூசியவர் மனநல வேலை பார்க்கலாமா? கழுத்தில் சிலுவை, தலையில் முக்காடு இருந்தால் ஆகுமா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. தாராளமாகப் பார்க்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

ஆகாது என்பவர்கள் முதலில் தர்கா ஊரான ஏர்வாடியைக் காட்டுவார்கள். 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முன்பே தீ. தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் இருந்த 28 பேர் உயிர் போயிற்று. சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. மறக்கக் கூடியதா அது? ஆனால் அந்தக் குடும்பங்களைத் தர்காவுக்கு அழைத்து வந்தது நம்பிக்கை. சங்கிலி மாட்டியது காசு வாங்கிய காப்பகம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். பிறகு அதே ஏர்வாடியில் அரசு மனநல மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். துவாவும் நடக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது.

சங்கிலியைக் கழற்றிய நம்பிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் யார்க் நகரத்துக் காப்பகத்தில் 1790இல் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் கிறிஸ்தவச் சபைப் பெண் இறந்தார். பார்க்கப் போன சபையாரை உள்ளே விடவில்லை. வில்லியம் டியூக் பொறுக்கவில்லை. அவர் மருத்துவர் அல்லர், தேயிலை வியாபாரி. எல்லார் உள்ளத்திலும் கடவுளின் ஒளி இருக்கிறது என்று நம்பும் சபைக்காரர். பித்துப் பிடித்தவருக்குள்ளும் அந்த ஒளி இருக்குமே! 1796இல் சங்கிலியும் சவுக்கும் இல்லாத இல்லமொன்றைத் திறந்தார்.

நடைமுறைக்கு வருகிறேன். லித்தியம் சாப்பிடும் ஒரு அம்மா, ரமலான் நோன்பு வைக்கலாமா என்று கேட்கிறார். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும், ஆபத்து. "நோன்பெல்லாம் வேண்டாம்" என்று நம்பிக்கையில்லாத நம் ஆள் வெடுக்கென்று சொல்லிவிடுகிறார். அந்த அம்மா வீட்டுக்குப் போய் எதை விடுவார்? மாத்திரையை விடுவார்! நோன்பின் அருமை தெரிந்தவர் அப்படி வெட்டிப் பேசமாட்டார். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு என்பதை அவர்கள் ஊர் ஆலிம் வாயாலேயே சொல்ல வைப்பார்.

இதுவரை நம்பிக்கையாளர்கள் கை தட்டினீர்கள். இனி தட்ட மாட்டீர்கள்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்த பெண் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறாள். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவள் கடும் மன அழுத்தத்தில் இருந்தாள் என்றே கொள்ளச் சொல்கிறது, தண்டிக்காதே என்கிறது. சட்டமே விட்டுவிட்டது. நீங்கள் "இது பாவமில்லையா அம்மா?" என்கிறீர்கள். போலீஸ் செய்யாததை உங்கள் நாக்கு செய்துவிட்டது. மறுபடி அவள் வருவாளா?

அதனால்தான் நிபந்தனை. உங்கள் சாமி உங்களைத் தாங்கட்டும். நோயாளிக்கு எழுதும் சீட்டில் அவர் ஏறக் கூடாது. நோயாளி தன் சாமியைப் பற்றிப் பேசினால் மட்டும் காது கொடுங்கள். நாத்திகத் தோழர்களே, உங்கள் பகுத்தறிவுக்கும் இதே சட்டம்தான்.

நம்பிக்கையை அப்படி ஒதுக்கிவைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவரையொருவர் விரும்பியவர்கள், பெற்றவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் முழுதாகப் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். பிறகுதான் தீர்ப்பு எழுதினார். பால் விருப்பத்தை 'மாற்றுகிறேன்' என்று நடத்தும் சிகிச்சைக்குத் தடையும் அதிலேயே வந்தது. உயர்நீதிமன்ற நீதிபதி போய் உட்காரலாம், நாம் உட்காரக் கூடாதா?

பயிற்சி நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதம் ஒரு மணி நேரம், மூத்தவர் ஒருவர் முன் இந்தப் பிள்ளைகள் தங்கள் சாமி, சாதி, கூச்சம், கோபம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போக இடம் கொடுங்கள். அடுத்த அணிக்கான பாடத்திட்டம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அவைத்தலைவர் சொன்னார். இதையும் சேர்த்து அனுப்பலாம்.